நாலரை இஞ்சு சுவரும் நாலு வருசச் சண்டையும்

மஞ்சக்காட்டுல களையெடுப்பு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்குது. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்த ஒரு விசயத்தை இன்னைக்கு எழுதிடறேன். கொஞ்சம் கோபமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

போன தை மாசம் சென்னைக்கு மக வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு அப்போ நாலு மாசம். மூணாவது மாடியில வீடு. கடன் வாங்கி, நகையை வெச்சு வாங்கின வீடு. தரையில பளபளன்னு டைல்ஸ், கூரைக்கு அடியில இன்னொரு அலங்காரக் கூரை, அடுப்படியில இழுத்தா வர்ற டப்பா அலமாரி. பார்க்க நல்லாத்தான் இருந்துது.

முதல் நாள் ராத்திரி ஒண்ணரை மணிக்குக் குழந்தை வீல்னு கத்துச்சு. நான் எந்திரிச்சுப் பார்க்கறேன், மக குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசக்கதவைத் திறந்து வெளியில போறா. எங்கம்மிணி போறேன்னு பின்னாலயே போனேன். லிப்டுல கீழ இறங்கி, கார் நிறுத்தற இடத்துல கொசுக்கடியில நடந்துக்கிட்டே தாலாட்டறா. முக்கா மணி நேரம்.

"ஏம்மிணி, வீட்டுக்குள்ள வெச்சுத் தூங்க வைக்கக் கூடாதா?"

"பக்கத்து வீட்டு சார் ரெண்டு தடவை வந்து சொல்லிட்டார்ப்பா. நம்ம செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் அவங்க கட்டில்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விடிஞ்சதும் போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுடலாம்னுதான் இருந்தேன். பச்சைக் குழந்தை அழாம பின்ன என்ன பண்ணும்? ஆனா காலையில படிக்கட்டுல அவரே வந்து நின்னார். கண்ணு ரெண்டும் கோவைப்பழமா சிவந்து கிடக்குது. "அய்யா, தப்பா நினைக்காதீங்க. நான் ரயில் ஓட்டறவன். எந்த நேரத்துக்குக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. கிடைக்கற அஞ்சு மணி நேரத்துல தூங்கினாத்தான் உண்டு. தூங்காம எஞ்சின்ல உட்காரக் கூடாதுங்கய்யா" அப்படின்னார்.

அதுக்கு மேல நான் என்னத்தைக் கேட்க? குழந்தை அழறதும் நியாயம். அவர் தூங்க நினைக்கறதும் நியாயம். தப்பு பண்ணினது அந்தச் சுவரைக் கட்டினவன். காசை வாங்கிட்டு அவன் எப்பவோ போயிட்டான். இங்க ரெண்டு குடும்பம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாம கிடக்குது.

உள்ள போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். காலி டப்பாவைத் தட்டற மாதிரி கேட்டுது. மாப்பிள்ளைகிட்டக் கேட்டா, நாலு இஞ்சு கனத்துல லேசான வெள்ளைக் கல்லாம். அதுலயும் இந்தப் பக்கம் ஸ்விட்ச் பெட்டி இருக்கற அதே இடத்துல அந்தப் பக்கமும் ஸ்விட்ச் பெட்டி. ரெண்டு பக்கமும் குடைஞ்ச பிறகு நடுவுல என்ன இருக்கும்? பெட்டிகிட்டக் காதை வெச்சா அந்த வீட்டம்மா போன்ல பேசறது தெளிவாக் கேட்குது. எனக்குக் கூச்சமா போயி விலகி வந்துட்டேன்.

இதுல எனக்கு என்ன இவ்வளவு அக்கறைன்னு கேப்பீங்க. சுவர் மெலிசா இருந்தா என்ன ஆகும்னு நான் பட்டு அனுபவிச்சவன்.

2006ல எனக்கும் என் தம்பிக்கும் பாகம் பிரிச்சாங்க. காடு பிரிச்சாச்சு, கிணத்துல முறை பிரிச்சாச்சு, வீட்டையும் நடுவுல பிரிக்கணும். எங்கப்பாரு காலத்து வீடு. ஒண்ணரை அடி மண்சுவர், மேல நாட்டு ஓடு. நடு ஆசாரத்துல குறுக்க ஒரு சுவர் வைக்கச் சொன்னோம். மேஸ்திரி, "நாலரை இஞ்சே போதுங்க, பாரம் ஒண்ணும் தாங்கப்போறதில்ல, இடமும் மிச்சம், கல்லும் மிச்சம்" அப்படின்னார். சரின்னோம். அதையும் எட்டடி உசரத்தோட நிறுத்திட்டார். அதுக்கு மேல ஓட்டுக்கூரை வரைக்கும் திறப்பு. "காத்தோட்டத்துக்கு இருக்கட்டுங்க" அப்படின்னார். அதுக்கும் சரின்னோம்.

ஒரு நாள் ராத்திரி நானும் வீட்டுக்காரியும் கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தோம். ஆழ்குழாய் போட்டதுல தம்பி எனக்குக் கொஞ்சம் பணம் தரணும். "அவன் எங்க தரப்போறான், மாமனார் வீட்டுக்குச் சீர் செய்யவே அவனுக்குச் சரியா இருக்குது" அப்படின்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அலுப்புல சொன்னது. ஊர்ல எந்தப் புருசன் பொண்டாட்டி இப்படிப் பேசாம இருக்காங்க?

அடுத்த நாள் மத்தியானம் தம்பி வந்தான். கறந்துக்கிட்டிருந்த மாடு ரெண்டையும் வித்துட்டு, பணத்தைத் திண்ணையில வெச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போனான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நாலு வருசம் பேச்சில்ல. அவன் மகளுக்கு நடந்த சீருக்குப் பெரியப்பன் நான் போய் நிக்கல. எங்கம்மா சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வேளை, அந்தப் பக்கம் ஒரு வேளைன்னு சாப்பிட்டுக்கிட்டு, ரெண்டு பக்கப் பேச்சும் காதுல விழுந்து, எதையும் யார்கிட்டயும் சொல்ல முடியாம கிடந்தாங்க.

2010ல அப்பா காரியத்துக்குத்தான் திரும்பப் பேசினோம். காரியம் முடிஞ்ச மாசமே ரெண்டு பேரும் பணம் போட்டு இன்னொரு சுவர் கட்டினோம். இந்தத் தடவை வேற மேஸ்திரி, வயசானவர். பழைய சுவரைத் தொடாம ரெண்டு இஞ்சு இடைவெளி விட்டு புதுச்சுவர். ரெண்டையும் ஓடு வரைக்கும் ஏத்தி, சந்து பொந்தெல்லாம் பூசி அடைச்சார். இடைவெளிக்குள்ள கலவை விழுந்துடக் கூடாதுன்னு பலகையைத் தொங்க விட்டுக்கிட்டே கட்டினார். "கலவை விழுந்து ரெண்டு சுவரும் ஒட்டிக்கிச்சுன்னா சத்தம் அது வழியா நடந்து வந்துடும்" அப்படின்னார். தேங்காய் மட்டையைத் திணிக்கலாமான்னு கேட்டேன். கரையானுக்கும் எலிக்கும் வீடு கட்டித் தர்றீங்களான்னு சிரிச்சார். எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் ஆச்சு. இப்ப அந்தப் பக்கம் பேச்சு நடக்குதுன்னு மட்டும் லேசாத் தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. என் வீட்டுப் பேச்சும் அப்படித்தான். தம்பியும் நானும் நல்லா இருக்கோம்.

சத்தத்தைத் தடுக்கறதுல பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லீங்க. முதல்ல எடை. சத்தம் காத்துல வந்து சுவரை ஆட்டும், சுவர் ஆடினா அந்தப் பக்கத்துக் காத்தும் ஆடும். கனமான சுவர் ஆடாது. பூச்சோட சேர்த்து எடை போட்டா, எங்க பழைய மண்சுவர் சதுர அடிக்கு 70 கிலோவுக்கு மேல வரும். ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர் சுமார் 45 கிலோ. நாலரை இஞ்சுச் செங்கல் 25 கிலோ. நாலு இஞ்சு லேசுக் கல் பூச்சையும் சேர்த்து சுமார் 10 கிலோ. 70 கிலோ இருந்த இடத்துல 10 கிலோவை நிறுத்திட்டு, சத்தம் வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை போட்டா என்ன அர்த்தம்?

டெசிபல் கணக்கும் சொல்றேன். ரெண்டு பக்கம் பூசின நாலரை இஞ்சுச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்கும், ஒன்பது இஞ்சு சுமார் 50. லேசுக் கல் நாலு இஞ்சுன்னா 40ஐ ஒட்டித்தான். குழந்தை வீறிட்டு அழுதா தொட்டில்கிட்ட 100 வரும். சுவருக்கு வர்றப்போ 90ன்னே வெச்சுக்குவோம். அதுல 40 போனா மிச்சம் 50. இந்தியாவுல 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு வரைக்கும் வெளியிலயே 45 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. வீதிக்கு 45, அந்த ரயில்காரர் தலைமாட்டுல 50.

எடைக்கு அடுத்தது சந்து. சுவர் எவ்வளவு கனமா இருந்தாலும் மேல ஒரு சாண் திறப்பு இருந்தா எல்லாம் வீண். எங்க வீட்டுல நடந்தது அதுதான். மூணாவது, ஒண்ணையொண்ணு தொடாத ரெட்டைச் சுவர். எடையை ரெட்டிப்பாக்கினா அஞ்சாறு டெசிபல்தான் கூடும். அதே எடையை ரெண்டாப் பிரிச்சு நடுவுல இடைவெளி விட்டா அதை விட நல்லாவே தடுக்கும். இந்த மூணும் எங்க கிழட்டு மேஸ்திரிக்குத் தெரிஞ்சிருந்துது. கோடிக்கணக்குல கட்டி விக்கறவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்பற ஆள் நான் இல்லீங்க.

தெரியாமப் போகவும் வழியில்ல. வீடுகளுக்கு இடையில சத்தம் போகாம கட்டறது எப்படின்னு இந்தியத் தர நிர்ணயம் 1962லயே ஐ.எஸ். 1950ன்னு ஒரு விதி போட்டிருக்குது. நான் பொறக்கறதுக்கு முன்னாடி! 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்புலயும் எட்டாம் பாகத்துல ஒலிக்குன்னு தனிப் பகுதியே இருக்குது. மாப்பிள்ளைதான் போன்ல எடுத்துக் காட்டினார். ஆனா அதெல்லாம் பரிந்துரை. கார் நிறுத்த எவ்வளவு இடம், பக்கத்துல எத்தனை அடி விடணும்னு டேப் பிடிச்சு அளக்கறாங்க. சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்குதுன்னு ஒரு ஆபீசர் வந்து அளந்து பார்த்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. இங்கிலாந்துல 2003ல இருந்து புதுசாக் கட்டற வீடுகளுக்கு நடுச்சுவர் 45 டெசிபலாவது தடுக்கணும்னு விதி. சுவர் கட்டி முடிச்ச வீட்டுலயே கருவியை வெச்சுச் சோதனை பண்றாங்க. ஆய்வுக்கூடத்துல வர்ற கணக்கு செல்லாது. அங்க மனுசன் காதும் இங்க மனுசன் காதும் ஒண்ணுதானுங்களே?

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். ரெண்டு வீட்டுக்கு நடுவுல முப்பதடி நீளச் சுவர்னு வெச்சுக்குங்க. நாலு இஞ்சுக்குப் பதிலா ஒன்பது இஞ்சு வெச்சா கூடுதல் அஞ்சு இஞ்சு. மொத்தமே பன்னண்டரைச் சதுர அடி. ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சா ஆளுக்கு ஆறேகால். சதுர அடி ஆறாயிரம்னா 37,500 ரூபாய். கல்லுக்கும் பாரத்துக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்குங்க. அந்த அலங்காரக் கூரைக்கு என் மக குடுத்தது இதை விட அதிகம். வாங்கறவங்க டைல்ஸைத் தடவிப் பார்க்கறாங்க, குழாயைத் திருகிப் பார்க்கறாங்க, சுவரை யாரும் தட்டிப் பார்க்கறதில்ல. மாடு வாங்கறப்போ பல்லைப் பிடிச்சுப் பார்க்காம சலங்கையைப் பார்த்து வாங்கின கதைதான். இதுல உங்க மேலயும் எனக்குக் கோபம் இருக்குது, ஒளிக்கல.

இதைச் சொன்னா ரெண்டு பதில் வருது. ஒரு கல்யாண வீட்டுல நகரத்து நண்பர் ஒருத்தர் சொன்னார்: "உங்க கிராமத்துல எல்லார் வீட்டுச் சத்தமும் எல்லாருக்கும் கேட்குமே, அதுதானே உறவு. நாங்கதான் சுவர் எழுப்பித் தனியாப் போயிட்டோம்." கேட்க இனிப்பா இருக்குது. ஆனா கிராமத்துல உங்களுக்குக் கேட்கற சத்தம் வீதிச் சத்தம். கோயில் ஒலிபெருக்கி, நாய், மோட்டார். வீட்டுக்குள்ள பேசறது வெளியில போகாம இருக்கத்தான் ஒண்ணரை அடிச் சுவரும், நடுவுல தொட்டி வாசலும், வீட்டுக்கு வீடு சந்தும் விட்டாங்க. மண் சும்மாக் கிடைச்சதாலயும், வெயிலுக்குக் குளுமைன்னும் கட்டினது உண்மை. அதோட ரகசியத்தையும் காத்துக் குடுத்துச்சு.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். அந்த வசதி காடு தோட்டம் இருந்தவனுக்குத்தான். எங்க ஊர்க் காட்டு வேலைக்கு வர்றவங்க மெலிசுச் சுவருல ஒட்டி ஒட்டித்தான் இருக்காங்க. திருப்பூர்ல லைன் வீட்டுல பாருங்க, ஒரே வரிசையில பத்து வீடு, நடுவுல நாலரை இஞ்சு. நைட் ஷிப்டு முடிச்சு வந்தவன் பகல்ல படுக்கறான், பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுது. அவன்கிட்டப் போய் "சத்தம்தான் உறவு"ன்னு சொல்லிப் பாருங்க. உறவுங்கறது திண்ணையில உட்கார்ந்து நாமா பேசறது. சுவர் வழியா நம்மைக் கேட்காம காதுல விழறதுக்கு அந்தப் பேர் கிடையாது.

ரெண்டாவது பதில், "அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் சார்." யார் அட்ஜஸ்ட் பண்றாங்கன்னு பார்த்தீங்களா? ராத்திரி ஒண்ணரைக்குக் கொசுக்கடியில நின்னது என் மக. விடிகாலையில கண்ணு எரிய எந்திரிச்சுப் போறது ரயில்காரர். வயசானவங்க இருமலைத் தலையணையில அமுக்கிக்கறாங்க. பொம்பளைங்க அழுதாக்கூடக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறாங்க. கட்டினவன் எதையும் அட்ஜஸ்ட் பண்ணல. அவனோட மிச்சத்துக்கு மத்தவங்க வட்டி கட்டறாங்க. அட்ஜஸ்ட் பண்ணிக்கறது நல்ல குணம்தான், ஆனா அதைக் கல்லுக்கும் கலவைக்கும் பதிலாப் போட்டுக் கட்டடம் கட்டக் கூடாது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க என்ன பண்றது? முதல்ல, முட்டை அட்டையும் மெலிசு நுரையும் தெர்மாகோலும் ஒட்டிக் காசைக் கரைக்காதீங்க. அதுல எடை இல்ல. மெத்துனு நல்ல கனமான நுரையா இருந்தாலும் ரூமுக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும், அந்தப் பக்கம் போறதைத் தடுக்காது. சந்தை அடைக்கறதுதான் முதல் வேலை. எதிரெதிரா இருக்கற ஸ்விட்ச் பெட்டியில ஒண்ணை இடம் மாத்தி, பழைய குழியைக் கலவையில அடைங்க. குழாய் போற ஓட்டையைச் சுத்திப் பூசுங்க. வாசக்கதவுக்கு அடியில இருக்கற அரை இஞ்சுச் சந்துக்கு ரப்பர் பட்டை போடுங்க.

மேல்மாடிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. தட்டறதும் இழுக்கறதும் காத்துல வர்றதில்ல, கான்கிரீட் வழியாவே இறங்குது. எத்தனை கனமான தளமா இருந்தாலும் இறங்கும். அதுக்கு எடை மட்டும் போதாது, மெத்துனு ஏதாவது வேணும். நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் போடுங்க, இஞ்சி தட்டற உரலுக்கு அடியில நாலா மடிச்ச சாக்கு போடுங்க, மிக்ஸிக்கு அடியில ரப்பர் விரிப்பு. குழந்தைங்க ஓடற இடத்துல கனமான கயித்து விரிப்பு போடுங்க. தேங்காய் விவசாயி நான் சொல்றேன், எங்களுக்கும் நாலு காசு வரும்.

மக வீட்டுல என்ன பண்ணினோம்னு சொல்லிடறேன். ஸ்விட்ச் பெட்டியை மாத்தினோம். பழைய சுவரைத் தொடாம கொஞ்சம் தள்ளி இரும்புச் சட்டம் நிறுத்தி, உள்ள கல்நார்ப் பஞ்சு மாதிரி இருக்கற ராக்வுல் வெச்சு, ஜிப்சம் பலகை ரெண்டு அடுக்கு அடிச்சு, ஓரமெல்லாம் பசை போட்டு அடைச்சோம். ரூம்ல நாலு இஞ்சு போச்சு. கட்டினவன் அன்னைக்கு மிச்சம் பிடிச்ச இடத்தை என் மக இன்னைக்குத் தன் ரூம்ல இருந்து தர்றா. பாதிப் பணத்தை ரயில்காரர் கொண்டுவந்து குடுத்தார். நாங்க கேக்கல. வேண்டாம்னு சொல்லியும் கேட்கல.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். ராத்திரி பேரன் அழுதான். மக அவனைத் தூக்கி, அவ கட்டில்லயே உட்கார்ந்து பால் குடுத்தா. காலையில அவரைப் பார்த்துச் சத்தம் வந்துதுங்களான்னு கேட்டேன். "எங்கயோ தூரத்துல பூனை கத்தற மாதிரி கேட்டுதுங்கய்யா, திரும்பிப் படுத்துட்டேன்" அப்படின்னார். மேல்மாடி நாற்காலிச் சத்தம் இன்னும் அப்படியேதான் இருக்குது, பொய் சொல்ல மாட்டேன்.

வீடு வாங்கப் போறவங்க டைல்ஸைப் பார்க்கறதுக்கு முன்னாடி நடுச்சுவரைத் தட்டுங்க. என்ன கல்லு, எத்தனை இஞ்சு, ஸ்விட்ச் பெட்டி எதிரெதிரா இருக்குதான்னு வாய் விட்டுக் கேளுங்க. அந்தப் பக்கத்து வீட்டுல ஒரு ஆளை நிறுத்திப் போன்ல பாட்டு போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. பத்துப் பேர் கேட்டா சிரிப்பாங்க, ஆயிரம் பேர் கேட்டா கட்டுவாங்க. பரிந்துரையாக் கிடக்கறதை கட்டாயமாக்குங்கன்னு உங்க குடியிருப்புச் சங்கத்துல இருந்து எழுதிப் போடுங்க. நாங்க தண்ணிக்கு எத்தனை மனு போட்டிருக்கோம், உங்களுக்கு ஒரு மனு எழுத என்ன?

மும்முனைக் கரண்ட் வர்ற நேரமாச்சு, மோட்டார் போடணும். அந்த மோட்டார் ரூமும் வீட்டுல இருந்து தள்ளித்தான் இருக்குது. எங்கப்பாரு வெச்சது.